லெட்சுமி வீட்டுக் கருமாதி

ஜூன் 2, செவ்வாய்

விடியற்காலை தொடங்கி மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் வேலைப் பதிவில் பேர் இல்லை, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. வாரக்கணக்கில் இதே பாட்டு.

கோயில் மடத்தில் மதியக் கஞ்சி தொடர்கிறது. அரிசி ரம்புக்கனை டவுன் கடைக்காரர் ஒருவர் உபயம். தேங்காய், உப்பு பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் நாங்கள் தருவது. அண்டா கோயிலுடையது. இன்று உப்பு கூடிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை, அதுதான் வருத்தம். வயிறு நிறைந்த ஊராக இருந்தால் என்னைக் கிழித்திருப்பார்கள்.

கடைசி லயத்து வரிசை வீட்டு லெட்சுமி வரவில்லை. பிள்ளைகளும் இல்லை. புருஷன் ராமையா போன மாதம் காய்ச்சலில் போனதிலிருந்து ஆளைக் காண்பதே அபூர்வம். ரோஷக்காரி.

காலில் இரண்டு அட்டை. குடைக் கம்பி முறிந்தது.

ஜூன் 3, புதன்

மழை. வகுப்பில் பாதிப் பேர்தான். லெட்சுமியின் மகள் கமலா வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே மேசையில் தலை சாய்த்துவிட்டாள். சீனி நிறையப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றதற்கு, "நேத்து ரொட்டி டீச்சர்."

"கஞ்சிக்கு ஏன் வர்றதில்ல?"

"கோயில்லதானே ஊத்துறீங்க. அப்பாவுக்கு இன்னும் கருமாதி ஆகல. தீட்டு வீட்டுக்காரங்க கோயிலுக்கு வரப்படாதுன்னு அம்மா சொல்லிச்சு."

சுருக்கென்றது. நானும் இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். கருமாதி எப்போதோ முடிந்திருக்கும் என்று நானே முடிவுகட்டிவிட்டு, நேற்று அவளை ரோஷக்காரி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கருமாதிக்கு ஊருக்குச் சோறு போட வேண்டும். போட வழியில்லை, தள்ளிப்போட்டுவிட்டார்கள். தள்ளிப்போட்டதால் தீட்டுப் போகவில்லை. தீட்டுப் போகாததால் கஞ்சி இல்லை. நல்ல நியாயம்!

ஜூன் 4, வியாழன்

மத்தியானம் வாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு கடைசி லயத்துக்குப் போனேன். வழியெல்லாம் சறுக்கல். லெட்சுமி வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். சாமி எடத்துல ஆக்குனது தீட்டு வீட்டுக்குள்ள வரப்படாது. இருக்கிற புள்ளைகளுக்கும் ஏதாச்சும் ஆயிட்டா நான் எங்க போவேன்?"

உள்ளே சின்னவன் அழும் சத்தம். பசி அழுகை, கேட்டாலே தெரியும். வாளியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கனத்த வாளி தூக்கியதில்லை.

கோயிலில் பூசை செய்யும் பண்டாரத்திடம் போய், மடத்தை விட்டு வெளியே எங்காவது ஆக்கலாமே, அண்டாவைக் கொடுங்கள் என்றேன். "கோயில் அண்டா தீட்டு வீட்டுப் பக்கம் போகக்கூடாதும்மா. ஊருக்கே ஆகாது."

"புள்ளைங்க பட்டினி கெடந்தா மட்டும் ஊருக்கு ஆகுமா?"

அண்டாவை மடத்துக்குள் தள்ளி வைத்தார். கெட்ட மனிதரில்லை, பயந்த மனிதர்.

வீட்டில் ரொட்டி சுட்டுக் கமலாவிடம் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டார்களாம். ஆனால் லெட்சுமிக்கு நாலு பிள்ளைகள். என் மாவு டின் எத்தனை நாளைக்கு?

ஜூன் 5, வெள்ளி

மழை சற்று ஓய்ந்தது. துணி காயவில்லை. ஈரச் சேலையோடு பள்ளிக்கூடம்.

சாயந்தரம் ரோட்டில் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. லெட்சுமி. வீட்டுப் பக்கம் வராமல் பலா மரத்தடியில் நின்றாள். நான்தான் இறங்கிப் போனேன்.

"டீச்சர், ஒன்னு கேக்கவா? ஞாயித்துக்கிழம கஞ்சிய எங்க வாசல்ல ஆக்குவீங்களா? உங்க அரிசிதான். வெறகு நான் தர்றேன், பலாக்கா தர்றேன். ஊரு வந்து சாப்பிட்டுட்டா அதுவே அவருக்குக் கருமாதியா ஆயிரும்ல? அவரு இன்னும் வாசல்லயே நிக்கிற மாதிரி இருக்குங்க."

எனக்கு ஏன் இது தோன்றவில்லை! படித்தேனாம், பாடம் நடத்துகிறேனாம். சரி என்றேன். அழுகை வந்துவிட்டது, மரத்திலிருந்து சொட்டும் துளி என்று அவள் நினைத்திருக்கலாம்.

அண்டாவுக்கு என்ன வழி? சந்தியில் கடை வைத்திருக்கும் சோமா அக்காவிடம் போனேன். சிங்களத்தில் முழுக் கதையும் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். "தன்சல் ஹெலிய தியனவானே, கெனியன்ன டீச்சர்." தன்சல் அண்டாவை எடுத்துப் போகச் சொல்கிறாள். போசன் பௌர்ணமிக்குத் தன்சல் என்று அன்னதானம் போடுவார்களே, அதில் ஊருக்கெல்லாம் சோறு ஆக்கும் அண்டா. பௌர்ணமிப் போயாவுக்கு முன் கழுவிக் கொடுத்தால் போதுமாம். ஒரு பை பருப்பும் தந்தாள்.

ஜூன் 6, சனி

வாங்க: மிளகாய்த்தூள், மஞ்சள், கற்பூரம். வாழையிலைக்குச் சொல்ல. தேங்காய்க்கு ஹெட்மாஸ்டரை இன்னொரு தடவை நச்சரிக்க.

பண்டாரத்துக்கும் சொல்லி அனுப்பினேன். பதில் இல்லை.

ஜூன் 7, ஞாயிறு

தூறல்தான். கஞ்சித் தண்ணீரைக் குறைத்தோம், சோறாகிவிட்டது. பருப்பு, பலாக்காய்க் கறி. வடை இல்லை, பாயசம் இல்லை.

காலையில் ஓடைக்கரையில் மூத்த மகனை வைத்துக் காரியம் செய்ய ஆளில்லாமல் நிற்கும்போது, பண்டாரம் குடை பிடித்துக்கொண்டு வந்தார், கையில் தர்ப்பை. நான் வாயைத் திறக்குமுன் அவரே, "அண்டாதாம்மா வரக்கூடாது. நான் வரலாம்."

தோட்டமே வந்தது. மேல் லயத்துக்காரர்கள், ராமையாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும். வேலியோரம் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "என்னா ருசி, ராமையா குடுத்து வச்சவன்" என்று ஒரு கிழவர். கமலா இரண்டு தடவை சோறு வாங்கினாள். சின்னவன் பருப்பில் முகத்தையே கழுவினான்.

லெட்சுமி ஒரு வாய் சாப்பிடவில்லை. எழுந்து போகிற ஒவ்வொருவரிடமும் "வயிறு நெறஞ்சுச்சா?" என்று கேட்டுக்கொண்டே நின்றாள். இத்தனை நாளும் அந்தக் கேள்வியைக் கேட்டது நான்.

அண்டா காலியாகப் போகிற நேரம். நான் கரண்டியைக் கழுவப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க இன்னும் சாப்பிடலியே டீச்சர். எங்க வீட்டுக்காரரு காரியம். சாப்பிடாமப் போனா எப்படிங்க?"

இலை தீர்ந்துவிட்டது. அவள் வீட்டுத் தட்டை எடுத்து அவளிடமே நீட்டினேன்.