அம்மாவின் காலுக்குத் தெரிந்த தரை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் பேத்தியும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் முழங்கால் வலி வழக்கம்போல, சாப்பாடும் தூக்கமும் வழக்கம்போல. அம்மாவும் சௌக்கியம் என்று ஒவ்வொரு தடவையும் எழுதுவேன், இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், பாதியில் போனை எடுக்காமல் கடைசி வரை படி.

விடுமுறைக்கு வந்துவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் கூடம், நடை, படுக்கையறை என்று சுவருக்குச் சுவர் ஒரே கம்பளத்தைப் போட்டுவிட்டுப் போனாயே, அதைப் பற்றித்தான். நானும் அம்மாவும் கண் மருத்துவரிடம் போய்த் திரும்புவதற்குள் ஆட்களை வைத்து முடித்துவிட்டாய். எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தாய், இருந்தது. பழைய விரிப்புகளையெல்லாம் அவர்களே வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஓரம் தடுக்கி அம்மா விழுந்துவிடுவாள் என்று காரணம் சொன்னாய். அந்த ஓரங்களையெல்லாம் மடித்துத் தைத்து, அடியில் ரப்பர் வலை போட்டு, நகராதபடி வைத்திருந்தவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க மாட்டாய், சினிமா கொட்டகையில் டார்ச் அடித்தவனுக்குக் கம்பளத்தைப் பற்றி என்ன தெரியும். டை கட்டிய விற்பனையாளர் சொன்னால் சரி. அவர் வழவழப்பான அட்டையில் ஒட்டிய துண்டைக் காட்டியிருப்பார், நீயும் விரலால் தடவிப் பார்த்து முடிவு செய்திருப்பாய். கம்பளத்தைக் கையால் தடவி வாங்கக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து பார்க்க வேண்டும். மயிரை விலக்கி அடித்துணி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நீ வாங்கியது நைலான், மயிர் நீளம், கால் புதைகிறது. பார்க்கிறவர்கள் மெச்சுகிறார்கள். மேல்வீட்டுத் தையல்காரம்மா வாசலிலேயே நின்றுகொண்டு, "உள்ள விடுவீங்களா, இல்ல இங்கேருந்தே பாத்துட்டுப் போயிடணுமா?" என்று கேட்டாள். அம்மா சிரித்தாள். அதுதான் அவள் கடைசியாகச் சிரித்தது என்று நினைக்கிறேன்.

இப்போது உனக்குத் தெரியாததை எழுதுகிறேன். அம்மாவுக்குக் கண் போய்விட்டது. கொஞ்சம் மங்கல், கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று உன்னிடம் சொன்னதெல்லாம் அவள் சொல்லச் சொல்லி நான் சொன்னது. சன்னல் பக்கம் வெளிச்சம் இருப்பது தெரியும், அவ்வளவுதான். உண்மை தெரிந்தால் நீ அங்கே வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து நிற்பாய் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். அந்த வாக்கை இன்று உடைக்கிறேன், அதற்காக வருத்தப்படவில்லை. நீ வந்திருந்தபோது அவள் வீடு முழுக்க நடந்தாள், உனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள், நீ எதையும் கவனிக்கவில்லை. எப்படி நடந்தாள் என்று நினைக்கிறாய்? கொட்டகையில் விளக்கு அணைந்த பிறகு வருகிறவர்களை நான் எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறேன். டார்ச்சைப் பார்ப்பதாக அவர்கள் நினைப்பார்கள், ஆனால் வழி தேடுவது கால்தான். நடுவழிக் கம்பளம் முடிந்து வெறும் தரை பட்டதும் தானாக நின்றுவிடுவார்கள். அதை மனதில் வைத்துத்தான் அவளுக்கு மங்கத் தொடங்கியதும் இடத்துக்கு ஒரு தினுசாக விரிப்புகளைப் போட்டேன். அடுப்படி வாசலில் முரட்டு நார், கூடத்தில் அந்தச் சிவப்புக் கம்பளி விரிப்பு, நடையில் பருத்தி ஜமுக்காளம், படுக்கையறையில் மெத்தென்று ஒன்று. நிறம் ஒன்றோடொன்று சேரவில்லை என்று நீ முகம் சுளித்தாய். அவளுக்கு எதற்கடா நிறம்.

நீ விமானம் ஏறிய மறுநாள், நான் குளித்துவிட்டு வந்தபோது அவள் கூடத்தின் நடுவில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை முன்னால் நீட்டியிருந்தது, தெருவைக் கடக்கத் துணை தேடுகிறவள் மாதிரி. என் காலடியும் இந்தக் கம்பளத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது. கிட்டே போனதும், "நான் எங்க நிக்கிறேன், கொஞ்சம் சொல்லுங்க" என்றாள். தன் வீட்டில் நின்றுகொண்டு கேட்டாள். அன்றிலிருந்து நான் கொண்டுபோய் உட்காரவைக்கும் நாற்காலியை விட்டு எழுவதில்லை. அடுப்படிக்கு வருவதே இல்லை. கால் மரத்துப்போனதாகச் சொல்கிறாள், கால் நன்றாகத்தான் இருக்கிறது.

நான் சும்மா இருக்கவில்லை. கடைக்குப் போய்ப் பழசைக் கேட்டேன், எல்லாம் குப்பைக்குப் போய்விட்டது என்றார்கள். ஆனால் சிவப்புக் கம்பளியை மட்டும் நம் கட்டடத்துக் காவலாளி வண்டியிலிருந்து இறக்கி வைத்திருந்தார், கேட்டதும் கொடுத்துவிட்டார். புதுசுக்கு மேலேயே விரித்தேன். நீளமான மயிரின்மேல் எதைப் போட்டாலும் நிற்காது, நகர்ந்து நகர்ந்து சுருங்கும். ஆசையோடு எழுந்து வந்தவள் அந்தச் சுருக்கத்தில் தடுக்கி என்மேல் சாய்ந்தாள். அதோடு அதையும் சுருட்டி வைக்கச் சொல்லிவிட்டாள். இதற்கு ஒரே வழிதான், புதுசை வெட்டி எடுத்து, அந்தந்த இடத்தில் வேறு வேறாகத் தரையோடு பதிக்க வேண்டும். கத்தி தீட்டி வைத்திருக்கிறேன். அவள் விடமாட்டேன் என்கிறாள். "புள்ள ஆசையா போட்டது, அதுல கத்தி வெச்சீங்கன்னா நான் உங்ககிட்ட பேசவே மாட்டேன்" என்றாள். சொன்னால் செய்வாள் என்று உனக்குத் தெரியும்.

எனக்கு உன் அனுமதி வேண்டியதில்லை. அவளுக்குத்தான் வேண்டும். நீ போன் செய்து வெட்டச் சொல்ல வேண்டும். என்ன காரணம் சொல்வாயோ எனக்குத் தெரியாது. போடுவதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தாய், எடுப்பதற்கும் ஒன்று கண்டுபிடி. கண் விஷயம் உனக்குத் தெரியும் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே, உனக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் அவள் கையில் மிச்சம் இருக்கிறது. அழுகிற குரலில் பேசாதே, காது கூர்மை.

பேத்தி தவழ்கிறாள் என்றாயே, உன் வீட்டில் குட்டை மயிர்க் கம்பளமாகப் போடு. பால் கொட்டினால் தேய்க்காதே, வெள்ளைத் துணியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி எடு. சன்னலோரம் வெயிலில் வெளுக்கும், அவ்வப்போது திருப்பிப் போடு.

இதை அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவளால் படிக்க முடியாது. பேனாச் சத்தம் கேட்டு என்ன எழுதுகிறீர்கள் என்றாள், கம்பளத்தைப் பற்றி என்றேன். "ரொம்ப நல்லாருக்குன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

மூவரும் நோயின்றி, நீண்ட ஆயுளோடு இருங்கள். காலையில் போன் செய், அப்போதுதான் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போன் இருக்கும். மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா