இரண்டாவது வாடிக்கைக்காரர்

ஒஹாயோ,
3 அக்டோபர் 1994

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. அம்மா பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையைக் கோட்டுக்கு உள்ளே ஒளித்துப் போட்டுக்கொண்டு போகிறேன். வெளியே தெரிந்தால் என்னவோ போல இருக்கிறது. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

வணிகப் படிப்பு புரிகிறது. வாய்தான் திறக்க மாட்டேன் என்கிறது. வகுப்பில் பேசினால்தான் இங்கே மதிப்பெண். பேராசிரியர் ஒரு கம்பெனியின் கதையைக் கொடுப்பார். அது ஏன் உருப்பட்டது, ஏன் விழுந்தது என்று எல்லோரும் கை தூக்கி வாதாட வேண்டும். நான் மனதுக்குள் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் பேச்சு எங்கேயோ போய்விடுகிறது. போன வாரம் துணிந்து கை தூக்கினேன். "இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்றார். சொன்னேன். அப்போதும் அவருக்குப் புரியவில்லை. "பரவாயில்ல, அப்புறம் பார்ப்போம்" என்று அடுத்தவரிடம் போய்விட்டார். மறுநாளே கடைசி வரிசைக்கு மாறிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது அப்பா.

உங்கள் கைகளை முத்தமிடும்,
வேதாத்


அமாஸ்யா,
துருக்கி,
21 அக்டோபர் 1994

என் மகன் வேதாத்துக்கு,

கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். ஆணி வாங்க வந்தவனிடம் குழாயையும், குழாய் வாங்க வந்தவனிடம் பூட்டையும் தலையில் கட்டிய பயலா நீ? ஏழு வயதில் உன் வாயை மூட நான் மிட்டாய் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்த வாய்க்கு இப்போது என்ன வந்தது?

கம்பெனிக் கதைதான் வேண்டுமென்றால் நம் கடைவீதியைச் சொல்லேன். காலையில் நமக்குப் போணி ஆனதும், இரண்டாவதாக வருகிறவரை, "எனக்குப் போணி ஆயிடுச்சு, எதிர்க்கடைக்காரருக்கு இன்னும் ஆகல, அங்க வாங்கிக்குங்க" என்று ஷெவ்கெத்திடம் அனுப்புகிறேனே. அவனும் எனக்கு அப்படித்தான் அனுப்புகிறான். இத்தனைக்கும் இரண்டு பேரும் விற்பது அதே கீல், அதே தாழ்ப்பாள். இதை அங்கே சொல். வாயைப் பிளப்பார்கள்.

ஷெவ்கெத் தினமும் உன்னை விசாரிக்கிறான். "பய அங்க டை கட்டியிருக்கானா?" என்று கேட்டான். ஒரு போட்டோ அனுப்பு.

கம்பளிச் சட்டையை வெளியே தெரியும்படி போடு. கடிதத்தை உன் அம்மாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டிவிட்டேன்.

உன் கண்களில் முத்தமிடும்,
அப்பா ஹுலுசி


ஒஹாயோ,
18 பிப்ரவரி 1995

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஆளுக்கு ஒரு வியாபாரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். நம் கடையைப் பற்றிப் பேசினேன். போணி விஷயம் வந்ததும் வகுப்பே சிரித்தது. சந்தோஷத்தில்தான். முதல் முறையாக எல்லோரும் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். புரியவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை, "இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு" என்றார்கள். பேராசிரியர் அதையே அறிக்கையாக எழுதச் சொன்னார். எழுதினேன். போட்டியில் முதல் பரிசு கிடைத்திருக்கிறது.

இப்போது முன்வரிசையில் உட்காருகிறேன். "வாப்பா போணிக்காரா" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அறிக்கையை அனுப்பச் சொல்லாதீர்கள். எல்லாம் கட்டமும் கோடுமாக இருக்கும், உங்களுக்கு அலுப்புத் தட்டும்.

உங்கள் கைகளை முத்தமிடும்,
வேதாத்


ஒஹாயோ,
6 மார்ச் 1995

அப்பா,

அவசரமாக எழுதுகிறேன். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்து அம்மாள் இன்று என்னை வழிமறித்து, "உனக்கு ஒரு சந்தோஷ சேதி. உன் அறிக்கையைப் புத்தகமா அச்சடிச்சு உங்க வீட்டுக்கே அனுப்பிட்டோம். உங்க அப்பா எவ்வளவு பெருமைப்படுவார்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பல்கலைக்கழக முத்திரையோடு பெரிய உறை வந்தால் பிரிக்க வேண்டாம். அதில் அச்சுப் பிழைகள் இருக்கின்றன. திருத்திய பிரதியை நானே கொண்டுவருகிறேன். அதுவரை பெட்டியில் வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம்.

வேதாத்


அமாஸ்யா,
2 ஏப்ரல் 1995

வேதாத்,

உறை உன் கடிதத்துக்கு நான்கு நாள் முன்பே வந்துவிட்டது. உள்ளே இரண்டு பிரதிகள். கடைவீதியே நம் கடையில் கூடிவிட்டது. உன் அம்மா பெருநாள் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பள்ளிக்கூடத்து ஆங்கில டீச்சர் நெர்மினை அழைத்து, எல்லோருக்கும் தேநீர் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். முதல் பக்கத்தைக் கடகடவென்று துருக்கி மொழியில் சொன்னாள். இரண்டாம் பக்கத்தில் நின்றாள். தண்ணீர் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், என் அப்பா நேர்மையானவர், எதிர்க்கடை ஷெவ்கெத் அவருக்குக் கூடப்பிறந்தவர் மாதிரி என்று நீ எழுதியிருப்பதாக. எல்லோரும் கை தட்டினார்கள். ஷெவ்கெத் அழுதுவிட்டான். "என் பேரும் இதுல இருக்குல்ல? எனக்கு ஒண்ணு குடு" என்று ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு போனான்.

அப்புறம் உன் கடிதம் வந்தது. இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். "இப்ப யாரும் இல்லம்மா. இருக்கிறத இருக்கிறபடி படி" என்றேன்.

"என்ன எழுதியிருக்கணுமோ அதைத்தான் அன்னிக்குப் படிச்சேன், ஹுலுசி ஐயா" என்றாள். பிறகு படித்தாள். தேடி வருகிறவனைப் போட்டிக்காரனிடம் தள்ளிவிடும் முதலாளி. ஒன்றும் வாங்காதவனுக்கும் தேநீர். கடைசி வரி: 'இந்தக் கடை வளராததற்கு முதல் காரணம் இதன் உரிமையாளரே.' அச்சுப் பிழை ஒன்றும் இல்லையாம்.

பரிசு கொடுத்திருக்கிறார்களே, ஒருவேளை நீ சொல்வதுதான் சரியோ என்று நினைத்தேன். போன திங்கட்கிழமை உன் யோசனைப்படி நடந்து பார்த்தேன். காலையில் போணி ஆனது. இரண்டாவது ஆள் கீல் கேட்டு வந்தான், நானே கொடுத்தேன். மூன்றாவது ஆளுக்கும் நானே கொடுத்தேன். ஷெவ்கெத் உள்ளே சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தான். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பதினொரு மணிக்கு அவன் கடைக்கு ஒரு பெயிண்டர் போனான். அன்றைக்கு அவனுக்கு அதுதான் முதல் ஆள். ஷெவ்கெத் அந்த ஆளைத் தோளில் கை போட்டு என் கடைக்கு அழைத்து வந்தான்.

"இவருக்கு பிரஷ் குடு ஹுலுசி. காலையிலேர்ந்து நீ ஒருத்தரையும் அனுப்பலயே, அப்பவே தெரிஞ்சுபோச்சு, உனக்கு இன்னும் போணி ஆகலன்னு. நான் அப்புறம் பண்ணிக்கிறேன்."

பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தேன். நாற்பது வருஷமாகக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், இப்படி ஒரு வெட்கம் எனக்கு வந்ததில்லை.

ஹுலுசி


ஒஹாயோ,
17 ஏப்ரல் 1995

அப்பா,

இனி மறைக்க ஒன்றும் இல்லை. போணியை நான் பெருமையாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். அவர்கள் சிரித்தார்கள். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நானும் சேர்ந்து சிரித்தேன். இன்னும் வேண்டும் என்றார்கள். ஷெவ்கெத் மாமா காலை இழுத்து இழுத்து நடப்பாரே, அதை வகுப்பின் நடுவில் நடந்து காட்டினேன். அன்றைக்குத்தான் எனக்கு நண்பர்கள் கிடைத்தார்கள்.

நீங்கள் முதுகு ஆபரேஷனுக்காக அங்காரா ஆஸ்பத்திரியில் கிடந்த குளிர்காலத்தில், மாமா அந்தக் காலோடுதான் வீதியைக் கடந்து கடந்து இரண்டு கடைகளையும் பார்த்துக்கொண்டார். அதை நான் அறிக்கையில் எழுதவில்லை. மறந்து விடவில்லை அப்பா. எழுதினால் பரிசு கிடைக்காது என்று தெரியும்.

ஜூன் விடுமுறைக்கு ஊருக்கு வரவில்லை. கடைவீதியில் எந்த முகத்தோடு நடப்பேன்? மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுத் தனியாக எழுதப் போகிறேன்.

கைகளை முத்தமிடுகிறேன் என்று எழுதத் துணிச்சல் வரவில்லை.

வேதாத்


அமாஸ்யா,
5 மே 1995

வேதாத்,

ஷெவ்கெத்துக்கு எழுதாதே. அவனுக்கு ஒன்றும் தெரியாது. உன் அம்மாவுக்கும் தெரியாது. உன் பாரத்தை இறக்கி வைக்க அவன் தலைதான் கிடைத்ததா?

நான் அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாளே பழையபடி இரண்டாவது ஆளை அனுப்ப ஆரம்பித்துவிட்டேன்.

ஷெவ்கெத் தன் பிரதியைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுத் தராசுக்கு மேலே மாட்டியிருக்கிறான். அவன் பெயர் வருகிற பக்கம் வெளியே தெரிகிறது, பெயருக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருக்கிறான். கால் கிலோ ஆணி வாங்க வருகிறவன்கூட அதைப் பார்க்காமல் தப்ப முடியாது. "அமெரிக்காவுல அச்சடிச்சது" என்கிறான். அவனுக்கு ஒரே ஒரு குறைதான். நெர்மின் டீச்சர் அன்றைக்கு அவசரப்பட்டுவிட்டாளாம், பாதி மனதில் நிற்கவில்லையாம். "வேதாத் வரட்டும். எழுதினவனே நின்னு நிதானமா படிக்கட்டும்" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறான். அதற்கென்று, பிரதியை வெளியே எடுக்க வசதியாக, சட்டத்தின் பின்பக்கத்தை ஆணி அடிக்காமல் விட்டிருக்கிறான்.

ஜூனில் வா. முதலில் அவன் கடைக்குப் போ. எழுதியிருக்க வேண்டியதைப் படித்துக் காட்டிவிட்டு வீட்டுக்கு வா.

அப்பா