கம்ப்யூட்டரை யாரும் அணைக்க வேண்டாம்

அக்கா,

போன வாரம் உன் வேலைக்கான வீடியோ நேர்காணல் நடுவில் இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் ஹேங்காகி, நீ வாயைப் பிளந்தபடியே திரையில் நின்றாய். நான் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து நீ என்னோடு பேசுவதில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது. இருந்தாலும் இன்று மத்தியானம் அவர்கள் மறுபடி கூப்பிடுகிறார்களே என்று, இது ஹேங்காகாமல் இருக்க, பழைய சாமான் கடையில் ஒரு ராம் மெமரி வாங்கிப் போட்டேன்.

போட்டதும் பெட்டி 'பீப் பீப்' என்று ஒப்பாரி வைத்தது. கழற்றி, அதன் ஓரத்தை அழி ரப்பரால் தேய்த்துச் செருகினேன். அதே ஒப்பாரி. கடைசியில் பக்கத்துக் குழியில் மாற்றிச் செருகி, பெட்டியைப் படுக்கப் போட்டேன். எழுந்துவிட்டது, இப்போது ஓட்டமாய் ஓடுகிறது. ஏன் என்று கேட்காதே, அதற்கே தெரியாது.

பெட்டியை நிமிர்த்தாதே. அணைக்கவே அணைக்காதே, மறுபடி எழுப்ப நான் கல்லூரியிலிருந்து வரவேண்டும்.

சாப்பாடு மேஜையில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு உட்கார். போன தடவை உன் வயிறு பேசியது அவர்களுக்கும் கேட்டது.

வேலை கிடைத்தால் தனி வீடு பார்ப்பேன் என்றாயே, கிடைக்கட்டும். உன் அறை எனக்கு.

பி.கு.: அப்பா, ஆளில்லாத அறையில் எது ஓடினாலும் "கரண்டென்ன உன் மாமனார் வீட்டுலேர்ந்தா வருது?" என்று அணைப்பவர் நீங்கள். அதனால்தான் சீட்டை சுவிட்ச் மேலேயே ஒட்டியிருக்கிறேன். விரலை மெதுவாக எடுங்கள். அக்கா வரும்வரை அந்த நாற்காலியில் உட்காருங்கள். அறையில் ஆள் இருப்பதாகக் கணக்கு.