குந்தியிருக்கும் வருத்தம்

என் பாட்டுகளை உன் பாட்டு என்று சொன்னாய். நீ போன பிறகும் அந்தப் பொய் போகவில்லை. உன் ஆண்டு நினைவுக்குப் புத்தகமாக வரப்போகிறதாம். இன்று காலை உன் மகள் அச்சுக்கு முந்தின தாள்களைக் கொண்டுவந்தாள். மை வாசனை இன்னும் என் விரலில் இருக்கிறது. "அங்கிள், ஸ்பெல்லிங் பார்த்துக் கொடுங்க. இங்க ஸ்கூல்ல தெலுங்குதானே, எனக்குத் தமிழ் படிக்க வராது." அட்டையில் "ஐரிஷ் பாட்டுகள், தமிழில்." கீழே உன் பெயர் மட்டும்.

ராமச்சந்திராபுரம் கம்பெனி பஸ்ஸில் நமக்குக் கடைசி சீட். நீ டிராயிங் ஆபீஸ், நான் லேத். நீ பள்ளியில் ஒரு ஐரிஷ் பாதிரிச் சாமியாரிடம் அந்தப் பாஷையைக் கற்றவன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, பிறகு நானாகப் படித்தவன். பாலாநகர் தாண்டுவதற்குள் ஒரு பாட்டை முணுமுணுத்துப் பொருள் சொல்வாய். நான் அதைத் தமிழில் பாட்டாக்குவேன். ஒருநாள், கப்பலேறும் மகனைப் பார்த்து நிற்கும் தாயின் பாட்டு. "ஐரிஷ்காரன் எனக்கு வருத்தம்னு சொல்லமாட்டான். வருத்தம் என்மேல இருக்குன்னுதான் சொல்வான்." என் தகப்பனார் செத்த நாளிலிருந்து நான் சுமந்தது அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. "வருத்தம் என்மேல் குந்தியிருக்கு" என்று எழுதினேன்.

நீ சிரித்தாய். "பாட்டுல குந்துவாங்களா? ஆற்காட்டான் புத்தி! எங்க திருநெல்வேலில உக்காரத்தாம்வே செய்வோம்."

"உங்க ஊர் வருத்தம் உக்காரட்டும். இது குந்தும்."

அந்தப் பாஷையில், இந்த ஊர்க்காரர்போல 'ஹவ்', அதாவது ஆமாம், என்று தலையாட்ட ஒரு சொல்லே கிடையாது என்றும் நீதான் சொன்னாய். வந்தாயா என்று கேட்டால் வந்தேன் என்று முழுதாகச் சொல்ல வேண்டுமாம்.

பிறகு ஒரு ஞாயிறு, மாதா கோவில் மண்டபத்தில் நீ அந்தப் பாட்டுகளைப் பாடினாய். அயர்லாந்திலிருந்து வந்த விருந்தாளி, "தமிழில் எழுதியது நீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் பின்வரிசையில் இருந்தேன். "யெஸ்" என்றாய். ஐரிஷில் கேட்டிருந்தால் "எழுதினேன்" என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதற்கு உனக்கு நாக்கு எழுந்திருக்காது.

மறுநாள் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாய். நான் முன்சீட்டில் போய்க் குந்தினேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

உன் மகள் அட்டையில் என் பெயரை உன் பெயருக்கு மேலே போட வேண்டும். பங்குச் சாமியார் நினைவுப் பூசையில் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நீ பாடிய அன்று முன்வரிசையில் இருந்த உன் மனைவி, தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லக் கூடாது. அச்சகத்துக்காரர் 'குந்தி'யை 'அமர்ந்து' என்று திருத்தக் கூடாது. நீ செய்ய இனி ஒன்றும் இல்லை. நீ போனதிலிருந்து என்மேல் இன்னொரு வருத்தமும் குந்தியிருக்கிறது, அது என் பாடு. மண்டபத்தில் யாராவது கேட்டால் நான் எழுந்து நின்று ஒரு சொல் சொல்ல வேண்டும்: எழுதினேன்.