பிடித்த கை

பிப்ரவரி 18, செவ்வாய். பாறசாலை.

அந்தமானிலிருந்து வந்து இரண்டு நாளாகிவிட்டது. தூக்கம் வரவில்லை.

எங்கள் சர்ச் சபையிலிருந்து எட்டுப் பேர் போயிருந்தோம். ரிசார்ட்டில் கடைசி நாள் ஸ்கூபா டைவிங். நான் முதலில் இறங்கினேன். என் நாத்தனார் ஜெஸி பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. தண்ணீர் கலங்கலாக இருந்தது. ஒரு கை வந்து என் கையைப் பற்றியது. சேர்ந்தே நீந்தினோம். பவளப்பாறை முடிந்து கடல் கறுத்து ஆழமாக இறங்கும் இடத்தில் பயிற்சியாளர் என் சிலிண்டரைப் பிடித்து இழுத்து மேலே கொண்டுவந்தார்.

படகில் ஜெஸி தலைமுடிகூட நனையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“நீ எப்ப மக்கா மேல வந்த?”

“நான் எறங்கவே இல்ல மைனி. பேடிச்சு இங்கயே இருந்திட்டேன்.”

இன்று பயிற்சியாளர் எடுத்த வீடியோ வந்தது. அதில் நான் தனியாகத்தான் போகிறேன். வலது கை மட்டும் முன்னால் நீண்டு, விரல்கள் மூடியிருக்கின்றன.

என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தண்ணிக்க அடியில நல்லா பயந்திருக்க, அதாக்கும்.”

நான் பயப்படவே இல்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? அந்தக் கை என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போவது தெரிந்தது. தெரிந்தும், அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.