உறைந்துபோன ரக்கியா

என் செல்ல மகளே,

புனித நிக்கோலா திருநாளுக்கென்று பால்கனியில் வைத்திருந்த பிளம் ரக்கியா புட்டியை நேற்று விருந்தினர் முன் சாய்த்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. பக்கத்து வீட்டு ராதோவான், "என்ன வாத்தியாரே, உங்க சாராயத்துக்கே குளிர் தாங்கலையா? கட்டியாயிருச்சே!" என்று சிரித்தார். தண்ணீர் கலந்தது நான்தான் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

முப்பது ஆண்டு வேதியியல் நடத்தியவன் நான். நல்ல ரக்கியா இந்தக் குளிரில் உறையாது; குடித்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருந்தால்தான் உறையும்.

வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள்தாம் கரும்பலகை துடைக்க முந்துவார்கள். இரண்டு மாதமாக, "துணி காஞ்சிருச்சான்னு பாத்துட்டு வர்றேன்ப்பா" என்று நீ பால்கனிக்கு ஓடுகிறாய். கொடியில் துணியே இருப்பதில்லை.

நேரில் கேட்டால் நீ சிரிப்பாய், நானும் நம்பிவிடுவேன். அதனால்தான் உன் அறைக் கதவடியில் இந்தக் கடிதம். காலையில் மருத்துவரிடம் போகலாம். நம் இருவரின் பனிக்காலணிகளையும் வாசலில் எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் அப்பா