மேனேஜரும் வந்த மாநாடு

ரந்தாவ், ஆகஸ்ட் 1993, சனிக்கிழமை

கோலாலம்பூர்ல கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுறவங்களுக்கு மாநாடு, என்னை அனுப்புங்கன்னு மேனேஜரை நச்சரிச்சவன் நான்தான். கம்பெனிக்கு என்ன லாபம்னு பார்க்க அவரும் கூடவே வந்தார்.

எங்க ரப்பர் தோட்டத்துச் சம்பளப் புரோகிராம் நான் ஒருத்தனே எழுதினது. அந்தப் பெருமையில எல்லார் முன்னாலும் எழுந்து கேட்டேன்: "மழையால பால்வெட்டு பாதியில நின்னா சம்பளம் எப்படிப் போடுவீங்க?"

மேடையில இருந்தவர் சிரிச்சார். "அதுக்குப் புரோகிராம் ரெடிமேடாவே விக்கிறோம். வெளிய வாங்க, காட்டுறேன்."

நான் ஒரு வருஷம் மாரடிச்சதை கீபோர்டுல ரெண்டு தட்டு தட்டிக் காட்டினார். மேனேஜர் கையைக் கட்டிக்கிட்டுப் பார்த்தார்.

திரும்பும்போது கார்ல சிரம்பான் தாண்டினதும் மேனேஜர் சொன்னார்: "நல்ல மாநாடு லா, குமார். திங்கக்கிழமை உன் புரோகிராம் டிஸ்க் எல்லாத்தையும் என் மேசையில வச்சிடு." சரின்னேன். வேலை போனா கம்பெனி குடுத்த இந்தக் குவார்ட்டர்ஸ் வீடும் போயிடும்.

"போனது பிரயோஜனமா இருந்துச்சா?"ன்னு என் மனைவி சாந்தி கேட்டா. ரொம்பன்னேன். மாநாட்டுல குடுத்த, என் பேர் போட்ட அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டுப் படுத்துட்டா.

அதைக் கழட்டுன்னு நான் சொன்னா, ஏன்னு கேப்பா.